புதுப் போனுக்கு மாறும்போது: அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் கே.கே. நகர் அடுக்ககத்தில் யார் புதுப் போன் வாங்கினாலும், பெட்டியைப் பிரித்த கையோடு என் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்துவார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான், ஆட்கள்தான் வேறு. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாரும் போட்டோ போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். போட்டோ எப்படியும் வந்து சேர்ந்துவிடும். ஆளைப் படுத்துவது சிம்மோடு கட்டிப்போட்ட சமாசாரங்கள்: வாட்ஸ்அப், யூபிஐ, வங்கி ஆப், ஓடிபி. கீழே அவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

போன் கைக்கு வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பழைய போனைக் கையில் எடுங்கள். சிம்மை இப்போதே கழற்ற வேண்டாம். அதில் இருப்பது எந்த ஜிமெயில் கணக்கு, அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். பல பேருக்கு அந்தக் கணக்கை நான்கு வருடம் முன்னால் போன் விற்ற கடையில் உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பழைய போனில் கணக்கு திறந்திருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றிவிடுவது சுலபம். அந்தப் போனை அழித்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. மீட்பு எண்ணாக உங்கள் எண்தான் இருக்கிறதா, கடைக்காரர் எண்ணா என்பதையும் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படியும் இருக்கும்.

பிறகு புதுப் போனை வைஃபையில் சேர்த்து, மென்பொருள் அப்டேட் இருந்தால் அதை முடித்துவிடுங்கள். தரவு நகலெடுக்கும் வேலையை இரவில் வைத்துக்கொள்ளலாம். சிம் மாற்றுவதையும் வங்கி வேலையையும் மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள். ஏதாவது சிக்கினால் கேட்க வங்கி திறந்திருக்கும்.

எக்ஸ்சேஞ்சில் போட்டால் இரண்டாயிரம் குறைகிறது. டெலிவரி கொண்டுவருபவரிடமே பழைய போனைக் கொடுத்துவிடலாமா?

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருக்க, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். புதுப் போன் அப்போது பெட்டிக்குள்தான் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் அரை நாள் வேலை, இல்லாவிட்டால் அதுவே அரை மாதத் தலைவலி. குறைந்தது ஒரு வாரமாவது பழையது வீட்டில் இருக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் கட்டாயம் வேண்டுமென்றால் கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். சில கடைகளில் பேசினால் பழையதைச் சில நாள் கழித்துக் கொண்டுவரச் சொல்வார்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற்ற எது நல்ல வழி?

புதுப் போனை முதன்முதலாகத் திறக்கும்போதே, பழைய போனிலிருந்து ஆப்களையும் தரவையும் எடுக்கட்டுமா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு 'ஸ்கிப்' அழுத்திவிடாதீர்கள். இரு பக்கமும் டைப் சி முனை உள்ள கேபிள் இருந்தால் வைஃபையைவிட வேகமாக முடியும். சாம்சங்குக்கு மாறுபவர்களுக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச், விவோவுக்கு ஈஸிஷேர் என்று கம்பெனிக்குக் கம்பெனி சொந்த ஆப் உண்டு. அவையும் நன்றாகவே வேலை செய்கின்றன. அவசரத்தில் ஸ்கிப் கொடுத்துவிட்டவர்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படி வருபவை: ஆப்களின் பட்டியல், போட்டோ, வீடியோ, எஸ்எம்எஸ், கால் பட்டியல், தொடர்பு எண்கள். வராதவை: வங்கி ஆப்களின் பதிவு, யூபிஐ, அலுவலக ஓடிபி ஆப். ஐகான் வந்து உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அது கோளாறு இல்லை. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

எண்களில் பாதி வரவில்லையே?

ஒவ்வோர் எண்ணும் மூன்றில் ஓர் இடத்தில் இருக்கும்: சிம்மில், போனில், அல்லது கூகுள் கணக்கில். கூகுளில் இருப்பவை கணக்கோடு தானாக வரும். சிம்மில் இருப்பவை சிம்மோடு போகும், ஆனால் சிம்மில் சில நூறு எண்களுக்குத்தான் இடம், பெயரும் நீளமாக இருக்க முடியாது. 'போன்' என்று சேமித்தவைதான் பழையதிலேயே தங்கிவிடுகின்றன. பழைய போனின் கான்டாக்ட்ஸ் ஆப்பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மெயிலில் அனுப்பி, புதுப் போனில் திறந்து கூகுள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இனிமேல் புது எண்ணைச் சேமிக்கும்போது கூகுளையே தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப் அரட்டை எல்லாம் போகாமல் எப்படிக் கொண்டுவருவது?

இரண்டு வழி இருக்கிறது. இரண்டு போனும் கையில் இருந்தால் நேரடி மாற்றம்தான் நல்லது. 2023-இல் வந்த வசதி இது. புதுப் போனில் வாட்ஸ்அப்பை நிறுவி அதே எண்ணைக் கொடுங்கள். பழைய போனிலிருந்து மாற்றும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு க்யூஆர் வரும். பழைய போனில் அமைப்புகளுக்குள் சாட்ஸ் பகுதிக்குப் போனால் அரட்டையை மாற்றும் வசதி இருக்கும். அதைத் திறந்து அந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் ஆன் ஆகியிருக்க வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தரவு இணையத்துக்குப் போகாமல் போனிலிருந்து போனுக்கே போகும். குடும்ப குரூப்பில் குவிந்த 'காலை வணக்கம்' படங்களும் சேர்ந்தே வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்னொரு வழி கூகுள் டிரைவ் பேக்கப். ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்புக்கு இடக் கணக்கே கிடையாது. 2024 முதல் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியிலேயே அதுவும் சேர்கிறது. மெயிலும் போட்டோவும் ஏற்கெனவே அந்த இடத்தை நிரப்பியிருந்தால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். 'கடைசி பேக்கப்' என்ற இடத்தில் என்ன தேதி என்று பாருங்கள். எட்டு மாதம் முந்தைய தேதி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வீடியோக்களை விட்டுவிட்டுப் பேக்கப் எடுத்தால் அளவு வெகுவாகக் குறையும்.

அப்புறம் இரண்டு விஷயம். பேக்கப்பை மீட்கவா என்ற கேள்வி முதல் பதிவின்போது மட்டும்தான் வரும். தவறவிட்டால் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் எப்போதோ வைத்து மறந்திருந்தால், மின்னஞ்சலும் சேர்க்காதவர் ஏழு நாள் காத்திருக்க நேரிடும். பழைய போனில் வாட்ஸ்அப் திறந்திருக்கும்போதே அந்தப் பின்னை மாற்றிக்கொள்ளுங்கள். பதிவின்போது எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணை, மகனே கேட்பதுபோல மெசேஜ் வந்தாலும், யாருக்கும் சொல்லாதீர்கள்.

சிம் போட்டாகிவிட்டது. கூகுள் பே, போன்பே எதுவும் பதிவாகவில்லை. 'சரிபார்க்க முடியவில்லை' என்றே வருகிறது.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யூபிஐ ஆப் உங்களை அடையாளம் காண்பது சிம்மை வைத்து. பதிவின்போது உங்கள் போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் வெளியே போகும். அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்த எண்ணையும் இந்தப் போனையும் சேர்த்துக் கட்டுவார்கள். ஓடிபி உள்ளே வரும். இங்கே எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

வெளியே போகாததற்குக் காரணங்கள்: ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ்ஸே இருக்காது. வேலிடிட்டிக்காக மட்டும் குறைந்த தொகை போட்டு வைத்திருக்கும் அப்பா, அம்மா எண்களில் இது சகஜம். எஸ்எம்எஸ் உள்ள பேக் ஒன்றைப் போட்டால் நிமிடத்தில் சரியாகும். இரண்டு சிம் போன் என்றால் ஆப் எந்த சிம்மைக் கேட்கிறது என்று பார்த்து, வங்கியில் கொடுத்த எண்ணையே தேர்ந்தெடுங்கள். எஸ்எம்எஸ் அனுப்ப ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஐபோனில் அந்த எஸ்எம்எஸ்ஸை நீங்களே அனுப்பு பொத்தானை அழுத்தி அனுப்ப வேண்டும். அதிலுள்ள எழுத்துகளில் கை வைக்காதீர்கள்.

பழைய யூபிஐ பின் அப்படியே வேலை செய்யும். அது போனில் இல்லை, வங்கிக் கணக்கோடு இருக்கிறது. மறந்திருந்தால் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதித் தேதியும் வேண்டும். கார்டு இல்லாதவர்களுக்கு ஆதார் ஓடிபி வழியை நிறைய வங்கிகள் தருகின்றன.

பதிவு முடிந்ததும் பெரிய தொகை அனுப்பிவிட முடியாது. புதுப் போனில் முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகள் 5,000 ரூபாய் வரைதான் விடுகின்றன. ஐபோனில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் நீளலாம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை போனை மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் டெபிட் கார்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை நாளிலும் இதே எச்சரிக்கை.

நான் டிபன் கடை வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கும் க்யூஆரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். க்யூஆரில் இருப்பது உங்கள் யூபிஐ முகவரி, போன் இல்லை. பணம் வந்துகொண்டேதான் இருக்கும். 'ரூபாய் பெறப்பட்டது' என்று கூவும் பெட்டிக்கும் தனி சிம் உண்டு, அதற்கும் பாதிப்பில்லை.

என் சிம் ரொம்பப் பழசு, கத்தரித்து நானோவாக்கியது. புது சிம் வாங்கிவிடலாமா? இல்லை, இ-சிம்முக்கு மாறலாமா?

கத்தரித்த சிம் புதுப் போனின் டிரேயில் சிக்கிக்கொள்ளும், சில நேரம் தொடர்பும் விட்டுவிட்டு வரும். மாற்றுவது நல்லதுதான், ஆனால் நாளைப் பார்த்து மாற்றுங்கள். சிம்மை மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறையின் 2022 உத்தரவு இது. உங்கள் எண்ணில் வேறொருவர் போலி சிம் வாங்கி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம்முக்கு மாறினாலும் இந்த இடைவெளியை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் ஓடிபியும் வராது, யூபிஐ பதிவும் நடக்காது. மேலும் 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்ய முடியாது.

ஆகவே சிம்மைப் போனுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். புது சிம் பழைய போனில் இரண்டு நாள் ஓடட்டும். அதன் பிறகு போனை மாற்றினால் எல்லாம் ஒரே மூச்சில் முடியும். இருக்கிற நானோ சிம்மை அப்படியே எடுத்துப் புதுப் போனில் செருகுபவர்களுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது.

பழைய போனில் மெமரி கார்டு இருக்கிறது. புதியதில் அதற்கு இடமே இல்லை.

ஒரு கார்டு ரீடர் வாங்கி டைப் சி வழியே செருகினால் போதும். ஆனால் பழைய போனில் அந்தக் கார்டை 'உள் சேமிப்பகமாக' அமைத்திருந்தால் அது பூட்டப்பட்டிருக்கும், வேறு எந்தக் கருவியிலும் திறக்காது. அப்படியிருந்தால் கார்டைக் கழற்றாமல், பழைய போன் வழியாகவே நகலெடுங்கள்.

கூகுள் போட்டோஸில் எல்லாம் இருக்கிறது என்று நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 15 ஜிபி நிரம்பியதும் பேக்கப் நின்றிருக்கும். வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட்கள் உள்ள ஃபோல்டர்களை நீங்கள் தனியாக ஆன் செய்தால்தான் அவை மேலே போகும்.

கால் ரெக்கார்டிங்கையும் குரல் பதிவுகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அவை போனின் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும், தானாக நடக்கும் பேக்கப்பில் பெரும்பாலும் சேராது. தாத்தாவோ பாட்டியோ பேசியது அங்கே இருக்கக்கூடும். ஃபைல் மேனேஜரில் ஆடியோ பிரிவைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டியதை டிரைவிலோ, போனில் நேரடியாகச் செருகும் ஓடிஜி பென் டிரைவிலோ போட்டுவிடுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறேன். வாட்ஸ்அப் வருமா?

வரும், ஆனால் ஐபோனை முதன்முதலாக அமைக்கும் அந்த நேரத்தில்தான். பழைய ஆண்ட்ராய்டில் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பைப் போட்டு, அதிலேயே வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனை ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் மொத்தமாக அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். கூகுள் டிரைவில் உள்ள வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோனால் படிக்க முடியாது. இரண்டையும் சார்ஜரில் போட்டு, ஒரே வைஃபையில் வைத்து, முடியும்வரை வேறு ஆப்புக்குப் போகாமல் இருங்கள்.

ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போவது சுகம். பக்கத்தில் வைத்தாலே கேட்கும். ஐகிளவுடில் 5 ஜிபிதான் இலவசம் என்றாலும், புது ஐபோனுக்கு மாறுபவர்களுக்குப் பேக்கப் எடுக்க ஆப்பிள் 21 நாளுக்குத் தற்காலிக இடம் கொடுக்கிறது. அமைப்புகளில் ரீசெட் பகுதியிலேயே அந்த வாய்ப்பு இருக்கும்.

ரிச்சி தெருவில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருகிறார்களாமே?

தருவார்கள், சென்னையின் அந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திறந்த நிலையில் போனைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உங்கள் போட்டோ, மெயில், எஸ்எம்எஸ் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். வங்கி ஆப், யூபிஐ இரண்டையும் கடையில் பதிவு செய்யாதீர்கள், அதை வீட்டில் நீங்களே செய்யுங்கள். பின்னைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன், அது வேண்டவே வேண்டாம்.

ரிச்சி தெருவுக்குப் போக நியாயமான காரணம் உடைந்த டிஸ்ப்ளே. படம் தெரிகிறது, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதற்கும் முன் ஒன்றை முயலுங்கள். ஓடிஜி இணைப்பான் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸைச் செருகினால் போனில் அம்புக்குறி வரும். அதை வைத்தே பேட்டர்னைப் போட்டு, பேக்கப் எடுத்து, எல்லாவற்றையும் முடித்துவிடலாம். திரை முழுக்கக் கறுத்திருந்தால் டிஸ்ப்ளே மாற்றத்தான் வேண்டும்.

மெட்ரோ, ரயில் டிக்கெட்?

சிங்காரச் சென்னை அட்டையின் இருப்பு அட்டையில் இருக்கிறது, போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மின்சார ரயிலுக்கு ஆப்பில் காகிதமில்லா சீசன் எடுத்தவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, பரிசோதகரிடம் ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். புதுப் போனில் லாகின் செய்து சீசன் தெரிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை இல்லை அது. தெரியும்வரை பழைய போனையும் எடுத்துப் போங்கள்.

ஓஎம்ஆரில் ஐடி வேலை. அலுவலக லாகினுக்கு ஓடிபி காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப் இருக்கிறது.

கூகுள் ஆதென்டிகேட்டர் என்றால் கணக்குகளை க்யூஆர் மூலம் புதுப் போனுக்கு ஏற்றுமதி செய்யலாம். அலுவலகக் கணக்கைப் பெரும்பாலும் புதிதாகப் பதிய வேண்டும், அதற்குப் பழைய போனில் ஓர் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு பழையதை அழித்துவிட்டால், திங்கட்கிழமை காலை ஐடி டெஸ்க்கில் டிக்கெட் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்பாவுக்கு மாற்றித் தருகிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். பழைய போனின் முகப்பை ஒரு போட்டோ எடுத்து, புதியதிலும் ஐகான்களை அதே வரிசையில் வையுங்கள். ரிங்டோனையும் பழையதே வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் போன் என்று நினைத்துக்கொண்டு எடுக்க மாட்டார். ஓய்வூதியம் வாங்குபவர் என்றால் ஜீவன் பிரமாண் ஆப்பையும், முகம் பார்த்துச் சரிபார்க்கும் ஆதார் ஆப்பையும் இப்போதே நிறுவிவிடுங்கள். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கும்போது தேட வேண்டியிருக்காது.

தமிழ் விசைப்பலகையை அவர் பழகியபடியே அமைத்துக் கொடுங்கள். ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கும்போது ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை ஒன்று, நேரடித் தமிழ் எழுத்துகள் ஒன்று என்று வாய்ப்புகள் வரும். அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர்கள் தமிழ்99 கேட்பார்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற அமைப்பு அது. ஐபோனிலும் உள்ளேயே இருக்கிறது. எதுவும் சரிவராதவருக்கு மைக் பொத்தானைக் காட்டிவிடுங்கள், தமிழில் பேசினால் அதுவே எழுதிவிடும்.

கடைசியாக, 'கேஒய்சி அப்டேட்' என்று யாராவது கூப்பிட்டு, திரையைப் பகிரும் ஆப்பை நிறுவச் சொன்னால் வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை அவர் போனில் சேமித்து வையுங்கள்.

பழைய போனை விற்பதற்கு முன்?

ஒரு வாரம் ஆகட்டும். அதற்குள் விட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும். பிறகு அமைப்புகளில் போய் முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், அதன் பின் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். ஐபோனில் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும், அவர் உங்களைத் தேடி வருவார். இப்போதைய போன்களில் தரவு குறியாக்கம் செய்தே எழுதப்படுகிறது. ரீசெட் அதன் சாவியையே அழித்துவிடும் என்பதால், 'அழித்தாலும் எடுத்துவிடுவார்களாமே' என்ற பயம் தேவையில்லை. சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள்.

விற்கும் முன் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ என்ற போனின் தனி அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், விற்ற தேதியோடு ஒரு ரசீதும் வாங்குங்கள். நீங்களே பழைய போன் ஒன்றை வாங்குவதானால், அந்தப் போனின் ஐஎம்இஐயை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். தடை செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். போன் தொலைந்துபோனால், போலீஸ் புகார் நகலோடு அதைத் தடை செய்யக் கேட்பதும் அங்கேதான்.

பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கியிருந்தால் அந்தப் போனைச் சார்ஜரில் போடாதீர்கள், பிள்ளைகள் விளையாடவும் கொடுக்காதீர்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.